பழைய ஸ்பிளெண்டர் பைக்குக்கு எந்த இன்ஜின் ஆயில், 10டபிள்யூ30-ஆ, 20டபிள்யூ50-ஆ?

திருவொற்றியூர்_வண்டி:
வணக்கம். என்னிடம் இருப்பது 2014 ஸ்பிளெண்டர் பிளஸ். தினமும் திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்கு வேலைக்குப் போகிறேன், வழியெல்லாம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஊர்ந்துதான் போக வேண்டியிருக்கிறது. இன்ஜின் சத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, புகை இல்லை. மெக்கானிக் "வண்டி பழசு, வெயிலும் இப்படி அடிக்குது, கெட்டியா 20டபிள்யூ50 ஊத்திடலாம்" என்கிறார். வண்டியோடு வந்த கையேட்டில் 10டபிள்யூ30 என்று போட்டிருக்கிறது. மச்சான் காருக்கு வாங்கியதில் மீந்த ஃபுல் சிந்தெடிக் ஆயிலும் வீட்டில் கிடக்கிறது, விலை அதிகமான ஆயில்தானே, அதையே ஊற்றிவிடலாமா?

தண்டையார்பேட்டை_பட்டறை:
தம்பி, கார் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். நம் பைக்கில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில், கிளட்ச் பிளேட்டே அதில் நனைந்துதான் சுற்றுகிறது. மெல்லிய கார் ஆயில்கள் பலவற்றில் மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள், காருக்கு அது நல்லது, இங்கே பிளேட் பிடிக்காமல் வழுக்கும், ஆக்ஸிலரேட்டர் முறுக்கினால் சத்தம் ஏறும், வண்டி நகராது. பாட்டிலின் பின்பக்கம் ஜேஸோ (ஜப்பான் தர முத்திரை) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். எம்பி என்று இருந்தால் அது ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டருக்கு, அதன் கிளட்ச் ஆயிலில் நனையாது.

கெட்டி விஷயத்துக்கு வருவோம். வெயில் 42 டிகிரியைத் தொட்டாலும் இன்ஜினுக்குள் ஆயில் படும் சூடு அதைவிட ரொம்ப அதிகம், 10டபிள்யூ30, 20டபிள்யூ50 இவற்றின் கடைசியில் வரும் 30, 50 என்ற எண்ணே ஆயிலின் கெட்டியை 100 டிகிரியில் அளந்து கொடுப்பதுதான். அந்தச் சூட்டில் 30 ஆயில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (கெட்டியை அளக்கும் அலகு) வரை, 50 ஆயில் 16.3க்கு மேல். இவ்வளவு கெட்டியானதை ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே வால்வைத் திறக்கும் ராக்கர் வரை ஆயில் ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும். சத்தம் அடங்கின மாதிரி இருக்கும், ஆனால் தேய்மானம் அப்படியேதான் இருக்கும். முதலில் டேப்பட் (வால்வு இடைவெளி), டைமிங் செயின் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். நீலப் புகை வந்து ஆயிலும் குறைந்துகொண்டே வந்தால் அது பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் வேலை, அதுவரை ஓட்ட வேண்டுமே என்றால் 20டபிள்யூ40 ஊற்றலாம். உங்கள் வண்டிக்கு இப்போது அது தேவையில்லை.

கொருக்குப்பேட்டை_பையன்:
அண்ணன் சொன்னது சரி. கூடவே ஒன்று, வண்டி மழைத் தண்ணீரில் மூழ்கியிருந்தால் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்காமல் கிக்கர் அடிக்கவே கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் பல வண்டிகளில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்த ஆயிலுக்கு வழவழப்பே இருக்காது. வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும், ஒருமுறை மாற்றினால் போதாது.

எண்ணூர்_காரன்:
ஆயில் மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், சீல் உடைப்பதைக் கண்ணால் பாருங்கள், காலி பாட்டிலைக் கத்தியால் கிழித்துவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் அதிலேயே மட்டமான ஆயிலை நிரப்பி மறுபடி விற்கிறார்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டவும் விடாதீர்கள். அதே புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படகிலும் வலையிலும் அப்பிக்கொண்டபோது எங்கள் ஆட்கள் கையால் அள்ளினார்கள். பக்கிங்காம் கால்வாயில் விழுவதெல்லாம் கடைசியில் எங்களிடம்தான் வந்து சேர்கிறது. பழைய ஆயிலை கேனில் சேர்த்து வைத்து, வாங்கிச் சுத்திகரிக்கும் ஆட்களிடம் கொடுக்கும் பட்டறையாகப் பார்த்துப் போங்கள், கேட்டால் சொல்வார்கள்.

திருவொற்றியூர்_வண்டி:
ரொம்ப நன்றி அண்ணே, எல்லோருக்கும். கார் ஆயிலை மச்சானிடமே கொடுத்துவிடுகிறேன். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றலாம்?

தண்டையார்பேட்டை_பட்டறை:
நீங்கள் ஓட்டுகிற ரோட்டுக்கு 3000க்குள் மாற்றிவிடுங்கள். லாரிக்குப் பின்னால் நின்றபடி இன்ஜின் ஓடுகிற நேரம் மீட்டரில் ஏறாது, ஆயில் மட்டும் வெந்துகொண்டே இருக்கும். கறுத்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம், அழுக்கை இழுத்துக்கொள்ளும் ஆயில் கறுக்கத்தான் செய்யும். அளவு பார்க்கும்போது சென்டர் ஸ்டாண்டு போட்டு, டிப்ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா வைத்து எடுத்துப் பாருங்கள். அப்புறம் ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் கேட்டு வாங்குங்கள், பழையதையே போட்டு இறுக்கி இறுக்கித்தான் நிறைய வண்டியில் மரை போயிருக்கிறது.