சத்துவாச்சாரியா, காந்தி நகரா? வேலூரில் வீடு பார்க்கிறோம், பாதுகாப்பு எப்படி?

கரூர்க்காரி:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்காரருக்கு வேலூருக்கு மாற்றல் ஆகிவிட்டது, பள்ளி திறப்பதற்குள் குடி வந்துவிட வேண்டும். சத்துவாச்சாரி பேஸ் 2-இல் ஒரு தனி வீடும், காட்பாடி காந்தி நகரில் முதல் மாடி அபார்ட்மென்ட் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறோம், வாடகை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவர் மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார், நானும் மாமியாரும் ஒன்பதாவது படிக்கும் பெண்ணும்தான் வீட்டில். சொந்தக்காரர் ஒருவர் "வேலூரா, ஜெயில் ஊராச்சே" என்று வேறு கிளப்பிவிட்டுப் போய்விட்டார். ஏரியா வாரியாகக் குற்ற விகிதம் எங்கேயாவது கிடைக்குமா? இல்லை, அங்கே இருப்பவர்கள் எது பரவாயில்லை என்று சொன்னாலும் போதும்.

பாலாற்றங்கரை:
ஜெயில் தொரப்பாடியில் இருக்கிறது, கைதிகள் உள்ளே இருக்கிறார்கள், அதற்கும் உங்கள் வாசல் கதவுக்கும் என்ன சம்பந்தம்! அந்தச் சொந்தக்காரரை விடுங்கள்.

நான் சத்துவாச்சாரிதான். ஹவுசிங் போர்டு போட்ட மனை என்பதால் தெருக்கள் நேராக இருக்கும், கலெக்டர் ஆபீஸ் கோர்ட் எல்லாம் இந்தப் பக்கம்தான், ராத்திரியில் பயம் என்று பெரிதாக எதுவும் இல்லை. சிக்கல் பகலில். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகள் நிறைய, பதினோரு மணிக்கு மேல் சில தெருக்களில் ஆளே இருக்காது, பூட்டிய வீட்டை நோட்டம் விடுகிறவனுக்கு அது வசதி. இன்னொன்று, பெங்களூர் ஹைவே பக்கத்திலேயே ஓடுகிறது. பைக்கில் வந்து செயினை அறுக்கிறவன் சர்வீஸ் ரோட்டில் ஏறிவிட்டால் பிறகு எங்கே பிடிப்பது? அதனால் எங்கள் வீட்டம்மா காலையில் வாக்கிங் போகும்போது தாலிச் சரட்டைப் புடவைக்குள் விட்டு ஊக்கு குத்திக்கொண்டுதான் போவார், கவரிங் செயின் என்று அவனுக்குத் தெரியவா போகிறது, இழுத்துத் தள்ளினால் அடிபடுவது நாம்தானே. உங்கள் வீட்டில் எப்போதும் ஒரு ஆள் இருக்கும் என்பது நல்ல விஷயம், மாமியாரைத் தனியாக வாசலில் கோலம் போட மட்டும் விடாதீர்கள்.

கோர்ட்டு வாசல்:
விகிதம் கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் மாநிலம், மாவட்டம் என்றுதான் தரும். நகரம் என்று தனியாகப் போடுவது 20 லட்சம் மக்கள் தொகைக்கு மேல் உள்ள ஊர்களுக்கு, நம் மாநிலத்தில் சென்னையும் கோவையும்தான் அதில் வரும். வேலூருக்கே கிடையாது, பேஸ் 2-க்கு எங்கே போவது. மாவட்டக் கணக்கை எடுத்தாலும் 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்துபோனதால் அதற்கு முந்தைய வருடங்களோடு ஒப்பிட முடியாது, "வேலூரில் குற்றம் பாதியாகக் குறைந்தது" என்று யாராவது வாட்ஸ்அப்பில் போட்டால் நம்பாதீர்கள்.

அப்புறம் அந்தக் கணக்கு பதிவான வழக்குகளின் கணக்குதான். கேரளா பட்டியலில் மேலே நிற்பதற்கு அங்கே புகாரைப் பதிவு செய்துவிடுகிறார்கள் என்பதும் ஒரு காரணம். ஒரு ஸ்டேஷனில் வழக்குப் பதியாமல், புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தால் அந்த ஏரியா காகிதத்தில் சொர்க்கம் மாதிரி இருக்கும்.

உருப்படியாக ஒன்று செய்யலாம். எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னது, பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் மாவட்டத்தையும் ஸ்டேஷனையும் போட்டுப் பார்க்கலாம். சத்துவாச்சாரி ஸ்டேஷன் ஒன்று, காந்தி நகர் பக்கத்துக்குக் காட்பாடி, விருதம்பட்டு ஸ்டேஷன்கள். எதில் வரும் என்று வீட்டு ஓனரைக் கேளுங்கள். 2024 ஜூலை முதல் ஐ.பி.சி.க்குப் பதில் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) என்ற புதுச் சட்டம் என்பதால், அதில் பிரிவு 304 என்றால் பறிப்பு, 305 வீட்டுக்குள் திருட்டு, 331 வீட்டுக்குள் அத்துமீறி நுழைவது, பூட்டை உடைப்பது. மற்றதெல்லாம் குடிகாரச் சண்டை, பங்காளித் தகராறு, விபத்து, அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

கோட்டைக்காரன்:
சார் ரொம்ப நல்ல பிள்ளையாகப் பேசுகிறார். 2021 டிசம்பரில் தோட்டப்பாளையத்தில் பெரிய நகைக்கடைச் சுவரில் ஓட்டை போட்டு 15 கிலோவுக்கு மேல் தங்கம் எடுத்துக்கொண்டு போனானே, அது எந்த ஊர்?

கோர்ட்டு வாசல்:
நம் ஊர்தான் தம்பி. சில நாளிலேயே ஆளைப் பிடித்து, ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்து வைத்திருந்ததைத் தோண்டி எடுத்ததும் நம் ஊர் போலீஸ்தான். நகைக்கடைக்கு வந்தவன் கரூர்க்காரி அம்மா வீட்டுக்கு ஏன் வரப்போகிறான்?

காட்பாடி மீனா:
அக்கா, நான் காந்தி நகர். வி.ஐ.டி. காலேஜ் பசங்க கூட்டத்தால் கடைகள் ராத்திரி வரை திறந்திருக்கும், தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும், டியூஷன் முடிந்து பெண் வருவதற்கு எனக்கு அதுதான் பெரிய தைரியம். சத்தம், பைக் ரேஸ், வண்டி நிறுத்தத் தகராறு எல்லாம் கூடவே வரும். இங்கே அதிகம் காணாமல் போவது டூவீலர்தான், ஹேண்டில் லாக்கை நம்பாமல் தனியாக ஒரு சங்கிலிப் பூட்டு வாங்கிப் போடுங்கள். அபார்ட்மென்டில் வாட்ச்மேன் இருக்கிறார் என்றால் ராத்திரியும் இருக்கிறாரா என்று கேளுங்கள், பல இடத்தில் பகலில் தண்ணி மோட்டார் போடுபவரைத்தான் வாட்ச்மேன் என்பார்கள். எதுவானாலும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவை அந்தத் தெருவில் நடந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள், புரோக்கர் பகலில் மட்டும்தான் கூட்டிக்கொண்டு போவார்.

பாலாற்றங்கரை:
மீனா சொல்வது சரி. எல்லோரும் ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் ரோந்தில் வந்து பார்ப்பார்கள், கூச்சப்படாதீர்கள். பெண் போனில் தமிழ்நாடு போலீஸின் 'காவல் உதவி' ஆப் போட்டு வையுங்கள்.

கரூர்க்காரி:
ரொம்ப நன்றி எல்லோருக்கும். சனிக்கிழமை ராத்திரி இரண்டு தெருவையும் பார்த்துவிடுகிறோம். மாமியாருக்கு மாடி ஏற முடியாது என்பதால் மனசு சத்துவாச்சாரி பக்கம்தான் சாய்கிறது, ஆனால் அந்த வீட்டுக்குப் பின்பக்கம் காலி மனை, காம்பவுண்டு இடுப்பளவுதான். ஓனர் உயர்த்திக் கட்டித் தருவாரா, கிரில் போட்டால் செலவு யாருடையது?

காட்பாடி மீனா:
அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள் அக்கா, கொடுத்த பிறகு போனே எடுக்க மாட்டார்கள். ஒப்பந்தத்திலும் எழுதி வாங்கிவிடுங்கள்.