அம்மா பேரு பெக்கா பி40 மருத்துவ உதவில வரமாட்டேங்குது, முட்டி ஆப்பரேஷன் நிக்குது – யாராச்சும் சொல்லுங்களேன்

செந்தூல்_சின்னவ:
வணக்கம். எங்கம்மாவுக்கு வயசு 67, பினாங்கு ஆயர் ஈத்தாம்ல தனியா இருக்காங்க, நான் கேஎல்ல (கோலாலம்பூர்). ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, பிளாட் படிக்கட்டுல நேரா எறங்க முடியாம கம்பிய புடிச்சிக்கிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டுல எறங்குறாங்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஆப்பரேஷன் பண்ணலாம்னு சொல்லிட்டாங்க ஆனா முட்டிக்குள்ள வைக்கிற இம்பிளான்ட்டுக்கு காசு நாமதான் பாக்கணுமாம். வருமானம் கம்மியா இருக்குறவங்களுக்கு கவர்மெண்ட் குடுக்குற மருத்துவ உதவி பெக்கா பி40, அப்பா இருந்தப்போ அதுல ரெண்டு பேரு பேரும் வந்துச்சு, இப்போ அம்மா ஐசி (அடையாள அட்டை) நம்பர் போட்டா தகுதி இல்லைன்னு வருது. அப்பா போன வருஷம் தவறிட்டாரு. அம்மா பிஸ்கட் டின்ல பிஎஸ்எச், பிபிஆர், பிகேஎம்னு கவர்மெண்ட் உதவிப்பணத்தோட பழைய பேப்பர் எல்லாம் மடிச்சு வச்சிருக்காங்க, எது இப்போ செல்லும்னே தெரியல. பெக்காவ நிறுத்திட்டாங்களா?

ஜெலுத்தோங்_அண்ணன்:
நிறுத்தலமா. அந்த உதவிப்பணத்துக்கு பேர மாத்தி மாத்தி வச்சதுல எல்லாருக்கும் குழப்பம். பிஎஸ்எச் 2021ல பிபிஆர் ஆச்சு, 2022ல பிகேஎம், 2023ல இருந்து எஸ்டிஆர். பெக்காவுக்குன்னு தனியா மனு கிடையாது, எஸ்டிஆர் லிஸ்ட்ல இருக்குறவங்களும் அவங்க கணவனோ மனைவியோ, 40 வயசுக்கு மேல இருந்தா தானா வரும். 2019ல ஆரம்பிச்சப்போ 50 வயசு, மறு வருஷம் 40 ஆக்குனாங்க. அம்மா அப்பாவோட மனைவிங்கற கணக்குல உள்ள வந்திருப்பாங்க. அப்பாவுக்கு அப்புறம் அம்மா பேருல எஸ்டிஆர் போட்டீங்களா?

செந்தூல்_சின்னவ:
போடல அண்ணே 😔 காரியம், பேங்க், ஈபிஎஃப்னு அலைஞ்சதுல இது யாருக்கும் தோணல.

பட்டர்வொர்த்_ராணி:
மைசலாம்னு கவர்மெண்ட் காப்பீடு இருக்கே, அதுல 8,000 வெள்ளி (ரிங்கிட்) கிடைக்குமே?

ஜெலுத்தோங்_அண்ணன்:
அது இவங்களுக்கு ஆவாதுமா. மைசலாம்ல வயசு வரம்பு 55ல இருந்து 65 ஆக்குனாங்க, அம்மா அதையும் தாண்டிட்டாங்க. 8,000 வெள்ளி புற்றுநோய், மாரடைப்பு மாதிரி பெரிய வியாதிக்குத்தான், முட்டி அதுல சேராது.

நர்ஸக்கா_கேஎல்:
தங்கச்சி, மொதல்ல எஸ்டிஆர். அம்மாவ துணை இல்லாத வர்கா எமாஸ் (மூத்த குடிமக்கள்)னு தனி பிரிவுல போடணும், 60 வயசுக்கு மேல, மாச வருமானம் 5,000 வெள்ளிக்குள்ள. மைஎஸ்டிஆர் வெப்சைட்ல ஆன்லைன்ல போடலாம், இல்லன்னா எல்எச்டிஎன் (வருமான வரி ஆபீஸ்) கவுண்டருக்கு ஐசி, அப்பாவோட இறப்பு சர்டிபிகேட் எடுத்துட்டு போங்க. அதுக்கு வருஷத்துக்கு 600 வெள்ளியும் வரும்.

எஸ்டிஆர் பாஸ் ஆனதும் நேரா ஆப்பரேஷன்னு ஓடாதீங்க, இதுலதான் நெறைய பேரு மாட்டிக்கிறாங்க. பெக்கால பதிஞ்ச கிளினிக்ல மொதல்ல உடம்பு சோதனை செய்யணும், ரெண்டு தடவ போகணும், ஒரு தடவ ரத்தம் சிறுநீர் எடுப்பாங்க, இன்னொரு தடவ ரிசல்ட். அதுக்கப்புறம்தான் இம்பிளான்ட் உதவி, ஆயுசுக்கு மொத்தம் 20,000 வெள்ளி வரைக்கும். அத ஆஸ்பத்திரி மூலமாத்தான் கேக்கணும், அங்க இருக்குற சமூகநல பிரிவுல பேசுங்க. அவங்க பதில் சொல்ற வரைக்கும் அவசரப்பட்டு கைக்காச கட்டிடாதீங்க.

பட்டர்வொர்த்_ராணி:
அப்போ மதானி கிளினிக் ஸ்கீம்? எங்க மாமியார் சும்மா ஐசி காட்டி மருந்து வாங்கிட்டு வந்தாங்க.

நர்ஸக்கா_கேஎல்:
அது காய்ச்சல், இருமல் மாதிரி திடீர்னு வர்றதுக்கு. 2023 ஜூன்ல ஆரம்பிச்சப்போ குடும்பத்துக்கு 250 வெள்ளி, தனியா இருக்குற வயசானவங்களுக்கு 125. வீட்டுக்காரரு போனா அங்கயும் பாதியாயிடுது பாருங்க, என்ன கணக்கோ. அதுக்கும் எஸ்டிஆர்தான் சாவி.

செந்தூல்_சின்னவ:
அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. நேத்து லீவு போட்டு பஸ் ஏறி வந்து அம்மாவ கூட்டிட்டு போயி மனு கொடுத்தாச்சி. கவுண்டர்ல அப்பா பேர சொன்னதும் அம்மா அழுதுட்டாங்க, அந்த மலாய்க்கார பொண்ணு டிஷ்யூ எடுத்து நீட்டுச்சு. பாஸ் ஆனதும் கிளினிக் போகணும். ரத்தம் எடுக்க வெறும் வயித்துலயா போகணும்? அம்மா காலைல அஞ்சு மணிக்கே டீ போட்டு குடிச்சிருவாங்க.

நர்ஸக்கா_கேஎல்:
எங்கம்மாவ சாப்பிடாம வரச் சொன்னாங்க. கிளினிக்குக்கு போன் போட்டு கேட்டுக்கோங்க, முந்தின நாள் ராத்திரியே டீத்தூள் டப்பாவ ஒளிச்சு வச்சிருங்க 😄