டஸ்ட் பவுல்: மண்ணைப் பறக்கவிட்டது கலப்பையா, வறட்சியா?

கரிசல்:
1930களில் அமெரிக்கத் தெற்குச் சமவெளியில் அடித்த, 'டஸ்ட் பவுல்' என்று பெயர்பெற்ற புழுதிப் புயல்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பலரும் "மழை பொய்த்தது, மண் பறந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அது ஆண்டுக்கு 18, 20 அங்குல மழை மட்டுமே பெறும் மானாவாரிப் பூமி. தென்மேற்குக் கேன்சஸ், தென்கிழக்குக் கொலராடோ, ஓக்லஹோமா, டெக்சாஸ் மாநிலங்களின் பான்ஹாண்டில் (கைப்பிடிபோல் நீண்டிருக்கும்) பகுதிகள், வடகிழக்கு நியூ மெக்சிகோ, இவ்வளவும் அதில் அடக்கம். வறட்சி அங்கே புதிதல்ல. பஃபலோ புல்லும் கிராமா புல்லும் மழையில்லாத ஆண்டில் மேலே கருகினாலும் கீழே வேர் பிடியை விடாது.

அந்தப் புல்தரையை உடைத்தது 'ஒன்வே' சட்டிக் கலப்பை. 1920களில் கேன்சஸ் விவசாயி சார்லி ஏஞ்சல் உருவாக்கியது. ஒரே தண்டில் வரிசையாகச் சட்டிகள், எல்லாம் மண்ணை ஒரே பக்கம் தள்ளும். ஆழம் குறைவு, இழுவை குறைவு, அகலம் அதிகம். டிராக்டரில் பூட்டினால் குதிரை ஏர் பல நாள் உழுவதை ஒரே நாளில் முடித்துவிடும். அதன் கேடும் அதிலேயே இருக்கிறது: கட்டியை மாவாக அரைக்கும், இரண்டாம் மூன்றாம் ஓட்டத்தில் தாள்கட்டையை மண்ணுக்குள் புதைத்துவிடும். மேலே காற்றைத் தடுக்க ஒரு துரும்பும் மிஞ்சாது. 1925க்கும் 1930க்கும் இடையில் தெற்குச் சமவெளியில் மட்டும் 50 லட்சம் ஏக்கருக்கு மேல் புதிதாக உழப்பட்டது. குற்றவாளி கலப்பைதான்.

வடகாற்று:
கருவியைச் சரியாகச் சொன்னீர்கள் கரிசல், முடிவுதான் சரியில்லை. கேன்சஸின் 19ஆம் நூற்றாண்டுப் பத்திரிகைகளைப் புரட்டினால் புழுதிப் புயல் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்வே கலப்பை பிறக்காத காலம், டிராக்டரே இல்லாத காலம் அது. இன்னொன்று, 1930களில் மண் பறந்த வட்டாரங்கள் பலவற்றில் பாதி நிலம்கூட உழப்படவில்லை. மணற்பாங்கான மேய்ச்சல் நிலத்திலும் புல் செத்து, மாடு மிச்சத்தையும் மேய்ந்த பிறகு மண் கிளம்பியது. வேர் பிடியை விடாது என்கிறீர்கள். தொடர்ந்து நாலைந்து ஆண்டு மழை தவறினால் விடும்.

வறட்சிக்கான காரணமும் இன்று ஆய்வுகளில் தெரிந்ததே. வெப்பமண்டலப் பசிபிக் வழக்கத்தைவிடச் சற்றுக் குளிர்ந்தும் அட்லாண்டிக் சற்றுச் சூடாகவும் இருந்தன. கடலில் நடந்ததற்குக் கேன்சஸ் விவசாயியின் கலப்பை என்ன செய்யும்?

கரிசல்:
அதே ஆய்வு வரிசையின் அடுத்த படியையும் சொல்லுங்கள். கடல் வெப்பநிலையை மட்டும் கணினி மாதிரிக்குக் கொடுத்தால் வறட்சி வருகிறது, ஆனால் தென்மேற்கில் போய் விழுகிறது. வெற்று நிலத்தையும் அதிலிருந்து எழும் புழுதியையும் சேர்த்தால்தான் அது வடக்கே நகர்ந்து சமவெளியில் கடுமையாகிறது. வறட்சியை ஏர் பெற்றெடுக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். வளர்த்தது ஏர்தான்.

மண் எப்படிக் கிளம்புகிறது என்பதையும் பார்க்க வேண்டும். காற்று முதலில் தூக்குவது மென்புழுதியை அல்ல, 0.1 முதல் 0.5 மில்லிமீட்டர் வரையுள்ள மணித்துகளை. அது எழும்பி, குதித்து, விழுந்து மற்ற துகள்களை இடித்துக் கிளப்பும். பறக்கும் மண்ணில் பாதிக்கு மேல் இப்படித் தரையோடு குதித்துப் போவதுதான். அந்த இடியில் சிதறும் மென்தூள்தான் மேலே எழுந்து ஊர் தாண்டுகிறது. 1934 மே மாதப் புயலின் புழுதி நியூயார்க் வரை போனது. குதிக்கும் துகளை மறிக்க அரிதாளோ பெரிய மண்கட்டியோ போதும். ஒன்வே கலப்பை இரண்டையுமே ஒழித்தது.

வரப்பு:
இரண்டு பேரும் நிலத்தைப் பார்க்கிறீர்கள், கடன் பத்திரத்தைப் பார்க்கவில்லை. மழை வருமா என்று தெரியாத பூமியில் இவ்வளவு ஏக்கரை விவசாயி ஏன் உழுதான்? முதல் உலகப்போரில் அரசு கோதுமைக்குப் புஷலுக்கு 2 டாலருக்கு மேல் உத்தரவாதம் கொடுத்தது (ஒரு புஷல் கோதுமை 27 கிலோ). அந்த விலையை நம்பி நிலமும் இயந்திரமும் கடனில் வாங்கினார்கள். நாடு முழுவதும் 1920இல் சுமார் 2.46 லட்சமாக இருந்த டிராக்டர்கள் 1930இல் 9.2 லட்சம். கோதுமை விலை 1929இல் சராசரி 1.04 டாலர், 1932இல் 38 சென்ட்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வட்டியும் தவணையும் ஆண்டுக்கு 400 டாலர் என்று வையுங்கள். 1.04 டாலர் விலையில் அதற்கு 385 புஷல் போதும். 38 சென்ட் விலையில் 1,053 புஷல் வேண்டும். ஏக்கருக்கு 10 புஷல் விளைந்தால் முன்பு கடனுக்காக மட்டும் உழுதது 39 ஏக்கர், இப்போது 105. விலை விழ விழ ஏர் ஓடித்தான் ஆக வேண்டும். எல்லோரும் அதையே செய்தால் சந்தையில் கோதுமை குவியும், விலை இன்னும் விழும். 1929இல் அமைத்த கூட்டாட்சி விவசாய வாரியம் 50 கோடி டாலர் நிதியோடு கோதுமையை வாங்கிக் குவித்துப் பார்த்தது. சாகுபடிப் பரப்பைக் குறைக்க அதற்கு அதிகாரம் இல்லை. 1931இல் வாங்குவதை நிறுத்தியது. காரணங்களின் வரிசையில் கலப்பையும் வறட்சியும் கடனுக்குப் பிறகுதான்.

வடகாற்று:
கடன் நாடு முழுக்க இருந்தது, வரப்பு. அயோவாவிலும் விலை விழுந்தது, பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன, ஆனால் அங்கே மண் இப்படிப் பறக்கவில்லை. மழை பெய்தது எங்கே, பெய்யாதது எங்கே என்பதுதான் வித்தியாசம்.

வரப்பு:
நல்ல கேள்வி. அதற்குப் பதில் நில அளவில் இருக்கிறது. 1862 ஹோம்ஸ்டெட் (குடியேற்ற நில) சட்டம் குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. மழை மிகுந்த கிழக்குக்கு அது போதும். மேற்குச் சமவெளிக்கு எந்த வகையிலும் போதாது. 1909இல் 320 ஆக்கினார்கள், அதுவும் போதவில்லை. கேடு எங்கே வருகிறதென்றால், காற்றரிப்பைத் தடுக்க நிலத்தைப் பட்டைகளாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றில் பயிரையோ தாளையோ நிறுத்த வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் 60 மீட்டர் தூரம் தடையில்லாமல் போனாலே மண் ஓட்டம் உச்சத்தைத் தொட்டுவிடும். 160 ஏக்கர்காரன் பட்டை விட்டால் விளைச்சல் நட்டம் அவனுக்கு, மண் நிற்பதால் வரும் லாபமோ பக்கத்து வயல்காரனுக்கும் போகும். அதனால் யாரும் விடவில்லை. நிலம் பெரிதாக இருந்தால் அந்த லாபம் தன் எல்லைக்குள்ளேயே தங்கும்.

தேன்மொழி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அப்போது 'லிஸ்டர்' என்று ஒரு கருவியை வைத்து மண்ணை நிறுத்தினார்கள் என்று படித்தேன். உழுததால் பறந்த மண்ணை உழுதே எப்படி நிறுத்த முடியும்?

கரிசல்:
லிஸ்டர் என்பது மண்ணை இருபக்கமும் தள்ளிப் பார் கட்டும் கலப்பை. பறக்கும் வயலில் காற்றுக்குக் குறுக்காக ஓட்டுவார்கள். ஆழமாகப் போய் அடியிலிருக்கும் களிமண் கட்டியை மேலே கொண்டுவர வேண்டும். குதிக்கும் துகள் சாலில் விழுந்து அடங்கிவிடும். முழு வயலையும் ஓட்டத் தேவையில்லை, இடைவெளி விட்டுப் பட்டையாக ஓட்டலாம்.

தவறும் இடங்கள் மூன்று. அடியிலும் மணலாக இருந்தால் கட்டி வராது, பார் தானே கரைந்து பறக்கும். காற்றுத் திசை மாறினால் சாலோடு சேர்ந்து காற்று ஓடும், முன்னைவிட மோசம். மூன்றாவது, மேல்காற்றுப் பக்கத்து வயல் சும்மா கிடந்தால் ஒன்றிரண்டு புயலிலேயே உங்கள் சால் தூர்ந்துவிடும். அந்தப் பக்கத்து வயல் பலசமயம் பெட்டி விவசாயியுடையது. விதைக்க ஒரு முறை, அறுக்க ஒரு முறை வந்துவிட்டு நகரத்துக்குப் போய்விடுகிறவர்கள் இவர்கள். ஆளில்லாத நிலத்தை வட்டார நிர்வாகமே உழுது, செலவை நிலவரியில் ஏற்றலாம் என்று கேன்சஸ் சட்டம் செய்யும் நிலை வந்தது.

உளிக் கலப்பை இதைவிட நல்லது. ஓக்லஹோமாவின் ஹூக்கர் ஊர் ஃப்ரெட் ஹோமி 1933 வாக்கில் செய்தார். மண்ணைப் புரட்டாது, கீறும். கட்டி மேலே வரும், தாள் மேலேயே நிற்கும்.

வடகாற்று:
வரப்பு சொன்ன பட்டைக் கணக்கை ஏற்கிறேன், என் வாதம் அதனால் விழவில்லை. அங்கே குளிர்காலக் கோதுமை இலையுதிர்காலத்தில் விதைப்பது. விதைத்த பின் ஈரம் இல்லையென்றால் பயிர் தரையை மூடாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காற்று உச்சம், தரை அப்போது வெறுமை. 1935 ஏப்ரல் 14 அன்று 'கறுப்பு ஞாயிறு' என்ற பெரும் புழுதிப் புயல் வந்ததும் அந்தப் பருவத்தில்தான். அதே கலப்பையும் அதே 160 ஏக்கரும் அதே கடனும் 1920களின் பிற்பகுதியில் இருந்தன, ஊர் பறக்கவில்லை. மாறியது மழை ஒன்றுதான்.

வரப்பு:
1935 ஏப்ரல் 27 மண் காப்புச் சட்டம் மழையை வரவழைக்கவில்லையே? மண் காப்புத் துறையின் தலைவர் ஹியூ பென்னட்டின் ஆட்கள் மழைக்குக் காத்திராமல் சமமட்ட உழவும் பட்டைப் பயிரும் சொல்லிக்கொடுத்தார்கள். 1937இல் மண் காப்பு மாவட்டங்களுக்கான மாதிரிச் சட்டத்தை மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். தனியாக ஒருவன் செய்ய முடியாததை ஊரே சேர்ந்து செய்ய வைப்பதுதான் அதன் சாரம்.

தேன்மொழி:
20 கோடி மரங்கள் நட்டார்களே, அது பலித்ததா?

கரிசல்:
1935 முதல் 1942 வரை நட்ட காற்றுத்தடுப்பு வரிசைகளைச் சொல்கிறீர்கள். நட்டவரைக்கும் நல்ல வேலை. ஆனால் ஒரு வரிசை மண்ணரிப்பிலிருந்து காப்பது மர உயரத்தைப் போல் சுமார் 10 மடங்கு தூரத்தைத்தான். 10 மீட்டர் மரத்துக்கு 100 மீட்டர். சமவெளியின் பரப்புக்கு அது எம்மாத்திரம்? மேலும் மிக மோசமாகப் பறந்த பான்ஹாண்டில் பகுதியின் பெரும்பாகத்துக்கு அந்த வரிசை போகவே இல்லை. அங்கே மரம் பிழைக்க மழை போதாது.

வடகாற்றுக்கு என் பதில், கேன்சஸின் மார்ட்டன் வட்டாரம். மிகவும் பாழான நிலத்தை அரசு விலைக்கு வாங்கிப் புல்லுக்குத் திருப்பியது. சிமரோன் தேசியப் புல்வெளி என்ற பெயரில் சுமார் 1,08,000 ஏக்கர் இன்றும் இருக்கிறது. பறக்கும் மண்ணில் நேராகப் புல் விதை போட்டால் மணலே முளையை அறுத்துவிடும். முதலில் மேடு பள்ளத்தைச் சமன்செய்து சோளம் விதைப்பார்கள். அறுக்காமல், அல்லது உயரமாகத் தாள் விட்டு அறுத்து, அந்தச் செத்த தாளுக்கு நடுவே அடுத்த பருவத்தில் உழாமலே உள்ளூர்ப் புல் விதையை விதைகருவியால் இறக்குவார்கள். மழை தவறினால் மறுபடி முதலிலிருந்து. வறட்சி மட்டுமே காரணம் என்றால் மழை திரும்பியதும் புல் தானே வந்திருக்க வேண்டும். உழுத நிலத்தில் அது வரவில்லை. விதையும் தாளும் ஆளும் பல ஆண்டுகளும் தேவைப்பட்டன.

வடகாற்று:
அந்த வேலைக்கும் மழை பெய்யும் ஆண்டு வரும்வரை காத்திருந்தார்கள் என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள், கரிசல்.