ஜெட்டுக்கு மண்ணெண்ணெய்: என்ஜின் கேட்டதா, கையில் கிடைத்ததா?

எரிகலன்:
வேறொரு இழையில் ஒருவர், "மண்ணெண்ணெய்தான் ஜெட்டுக்கு இயல்பான எரிபொருள், என்ஜினே அதற்காகத்தான் பிறந்தது" என்று எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. ஜெட்டுக்குள் சுழலும் டர்பைனுக்குத் தேவை சூடான வாயு. அது எதை எரித்து வந்தால் என்ன? பிஸ்டன் என்ஜினில் பெட்ரோல் நேரம் தவறி வெடித்தால் 'நாக்கிங்', அதனால் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) பார்த்தே ஆக வேண்டும். ஜெட்டில் தீ ஒருமுறை பற்றினால் அணையாமல் எரிகிறது, ஆக்டேனுக்கு அங்கே வேலையே இல்லை.

ஜெர்மனியைப் பாருங்கள். 1944 மே 12 அன்று லாய்னா முதலான செயற்கை எண்ணெய் ஆலைகள் மீது அமெரிக்கர்கள் குண்டு போட்டார்கள். செப்டம்பருக்குள் விமான பெட்ரோல் உற்பத்தி ஏப்ரலில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. அந்த நிலையிலும் மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் போர்விமானம் பறந்தது. அதற்கு ஊற்றியது ஜே-2, பழுப்பு நிலக்கரியிலிருந்து எடுத்த, டீசலுக்குப் பக்கத்தில் வரும் எண்ணெய். கையில் இருந்ததை ஊற்றினார்கள், ஓடியது. அவ்வளவுதான் விஷயம்.

பழைய ஃபிட்டர்:
தம்பி, எதை ஊற்றினாலும் ஓடும் என்றால் ஜெர்மன் பொறியாளர் ஹான்ஸ் ஃபோன் ஓஹைன் 1937-ல் தன் முதல் என்ஜினுக்கு ஏன் ஹைட்ரஜன் வாயுவைப் பிடித்துக்கொண்டு நின்றார்? திரவ எரிபொருளை அவ்வளவு சின்ன அறைக்குள், அந்த வேகக் காற்றில், அணையாமல் எரியவைக்க அன்றைக்கு வழி தெரியவில்லை. ஹைட்ரஜன் சுலபமாகப் பற்றும், வேகமாக எரிந்து முடிந்துவிடும். கருத்து சரிதான் என்று விமானம் கட்டிய முதலாளி ஹைன்கெலுக்குக் காட்ட அது போதும், பறக்கப் போதாது. திரவ எரிபொருளுக்கு மாறிய பிறகுதான் 1939 ஆகஸ்ட் 27 அன்று ஹைன்கெல் 178 ஜெட் விமானம் மேலே போனது.

இங்கிலாந்தில் ஜெட் என்ஜின் செய்த ஃபிராங்க் விட்டில் பட்டது இதைவிட மோசம். 1937 ஏப்ரல் 12, ரக்பியில் முதல் ஓட்டம். வால்வை மூடிய பிறகும் என்ஜின் வேகம் ஏறிக்கொண்டே போகிறது! பக்கத்தில் நின்றவர்கள் ஓடிவிட்டார்கள். எரியறையின் அடியில் எண்ணெய் தேங்கிக் கிடந்து எரிந்ததுதான் காரணம் என்று அப்புறம் தெரிந்தது. அதன்பின் எண்ணெயைக் குழாய்களுக்குள் சூடேற்றி ஆவியாக்கிப் பார்த்தார். பம்ப் ஸ்டவ் வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை: கரி பிடிக்கும், அடைக்கும், பின் போட்டுக் குத்த வேண்டும். விமானத்தில் யார் பின் போடுவது? 1940-ல் ஷெல் நிறுவனத்தின் ஐசக் லபக் எண்ணெயை நுண்துளியாகச் சிதறடிக்கும் பர்னரைக் கொண்டுவந்த பிறகுதான் மூச்சு வந்தது. 1941 மே 15 அன்று கிரான்வெல்லில் விட்டிலின் என்ஜினோடு க்ளாஸ்டர் விமானம் 17 நிமிடம் பறந்தது என்றால் அதில் பாதிப் பெருமை அந்த பர்னருக்கு.

சும்மாதான்:
பம்ப் ஸ்டவ் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு ஜெட் சத்தமெல்லாம் ஒன்றுமே இல்லை 😀

எரிகலன்:
சார், நீங்கள் சொன்னது பர்னரின் கதை, எரிபொருளின் கதை இல்லை. பர்னரைச் சரிசெய்ததும் பிரச்சினை தீர்ந்தது என்றால், அது என் வாதத்துக்குத்தானே பலம்?

பழைய ஃபிட்டர்:
இல்லை. அதே 262-ஐ எப்படி ஸ்டார்ட் செய்தார்கள் என்று பாருங்கள். அதன் என்ஜினான யூமோ 004-இன் மூக்குக்குள் ரீடல் என்ற குட்டி டூ-ஸ்ட்ரோக் என்ஜின் இருக்கும். அதற்கு இழுகயிறுகூட உண்டு. அது காற்றை அழுத்தும் கம்ப்ரஸரைச் சுற்றிவிட்டதும் முதலில் பெட்ரோலைத் தெளித்துப் பற்றவைப்பார்கள். வேகம் பிடித்த பிறகுதான் ஜே-2. "கையில் இருந்ததை ஊற்றினார்கள்" என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். பக்கத்தில் நின்று ஸ்டார்ட் செய்கிறவனுக்கு அது இரண்டு எண்ணெய், இரண்டு வேலை. த்ராட்டிலைக் கொஞ்சம் அவசரமாகத் தள்ளினால் தீ அணையும், இல்லை டர்பைன் வெந்துபோகும்.

வடகாற்று:
போர்க்கால ஜெர்மனியை வைத்துப் பொதுவிதி எழுத முடியாது. ஆனால் அமெரிக்காவும் எரிகலன் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. 1944-ல் ஜேபி-1 என்று ஒரு ராணுவ ஜெட் எரிபொருளை வரையறுத்தார்கள். சுத்தமான மண்ணெண்ணெய், உறைநிலை மைனஸ் 60 டிகிரி. நல்ல சரக்குதான், ஆனால் சராசரி கச்சா எண்ணெயில் 3 சதவீதம்தான் அப்படித் தேறும். ஒரு போர் வந்தால் எங்கே போவது? அதனால் பெட்ரோலையும் மண்ணெண்ணெயையும் சேர்த்து ஜேபி-3. அது மேலே ஏற ஏறக் கொதித்து டேங்கின் காற்றுத்துளை வழியாக ஆவியாகிப் போனது. 1951-ல் ஆவியழுத்தத்தைக் குறைத்து ஜேபி-4. அமெரிக்க விமானப்படை 1990கள் வரை அதில்தான் ஓடியது. மண்ணெண்ணெய் அவ்வளவு இயல்பானது என்றால் 40 வருடத்துக்கு மேல் ஏன் கலப்பு எரிபொருள்?

பழைய ஃபிட்டர்:
அந்த 40 வருடத்துக்குக் கொடுத்த விலையையும் எழுதுங்கள். மூடிய டேங்கில் பெட்ரோல் இருந்தால் ஆவி அடர்ந்து போய், சாதாரண வெப்பநிலையில் பற்றாது. மண்ணெண்ணெய் இருந்தால் ஆவி போதாமல் பற்றாது. ஜேபி-4 இரண்டுக்கும் நடுவில், நாம் சாதாரணமாகப் புழங்கும் வெப்பநிலையிலேயே பற்றும். 1963 டிசம்பர் 8, மேரிலாந்தில் எல்க்டன் மேலே பான் ஆம் 214 பயணிகள் விமானத்தை மின்னல் தாக்கியது. டேங்கில் இருந்தது ஜெட்-ஏயும் (பயணிகள் விமானத்துக்கான மண்ணெண்ணெய்) ஜேபி-4உம் கலந்த எண்ணெய். 81 பேரும் போய்விட்டார்கள்.

வடகாற்று:
சார், 1996 ஜூலை 17, டிடபிள்யூஏ 800 பயணிகள் விமானம். டேங்கில் ஜெட்-ஏ மட்டும்தான். காலியாகக் கிடந்த நடு டேங்க், அடியில் ஏசி இயந்திரங்களின் சூடு, ஆவி கிளம்பி வெடித்தது, 230 பேர். மண்ணெண்ணெய் சாது என்று சொல்வதற்கும் ஒரு வெப்பநிலை எல்லை உண்டு.

பழைய ஃபிட்டர்:
உண்டு, மறுக்கவில்லை. அந்த எல்லையைத் தாண்ட மண்ணெண்ணெயைச் சூடாக்க வேண்டியிருந்தது. ஜேபி-4-ஐ யாரும் சூடாக்கவே வேண்டாம். இன்னொன்றையும் யாரும் தொடவில்லை: ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் பெட்ரோலைவிட ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதல் சூடு. அந்தக் கால ஜெட்டுகள் எண்ணெயைக் குடித்த குடிக்கு, டேங்க் அளவு மாறாமல் தூரம் கூடியது சின்ன விஷயமா? ஈயம் கலந்த பெட்ரோலை ஊற்றினால் டர்பைன் தகடுகளில் ஈயம் படியும், அது வேறு.

எரிகலன்:
சரி, ஒரே ஒரு கேள்வி. அமெரிக்கக் கடற்படை கப்பலில் தீப்பிடிக்கக் கூடாது என்று 1952-லேயே ஜேபி-5-க்குப் போனது, தீப்பற்றுநிலை (ஆவி தீப்பிடிக்கத் தொடங்கும் வெப்பநிலை) 60 டிகிரி. விமானப்படை ஜேபி-4-லேயே நின்றது. பின்னால் ஃபாண்டம் போர்விமானம் வந்தபோது இரண்டு படைக்கும் அதே ஜே-79 என்ஜின்தான். ஒரே என்ஜின், இரண்டு எண்ணெய். இதில் என்ஜின் கேட்டது எது?

பழைய ஃபிட்டர்:
அந்தக் காலத்து என்ஜின்கள் பலவற்றில் ஃபியூயல் கண்ட்ரோலில் (எண்ணெய் போகும் அளவைக் கட்டுப்படுத்தும் கருவி) எரிபொருளின் அடர்த்திக்கென்று தனியாக ஒரு சரிசெய்யும் அமைப்பு உண்டு. எண்ணெய் மாறினால் அதையும் மாற்றி வைக்க வேண்டும். எதை ஊற்றினாலும் ஒன்றுதான் என்றால் அதை எதற்கு வைத்தார்கள்?

எரிகலன்:
மாற்றிக்கொள்ளத்தான் சார்.