சோயா சாஸ் இல்லாமல் ஸ்டேக் ஊறவைப்பது எப்படி? இரண்டு தடவையும் கறி கெட்டுவிட்டது

மழைத்துளி:
வணக்கம். வீட்டில் ஐந்து பேர், நான்கு மாதமாக எல்லோரும் பேலியோ, அதாவது தானியம், பயறு, சர்க்கரை இல்லாத உணவுமுறை. முன்பெல்லாம் ஸ்டேக் என்றால் சோயா சாஸ், கொஞ்சம் சர்க்கரை, பூண்டு போட்டு ஊறவைத்துவிடுவேன், யோசிக்கவே வேண்டாம். இப்போது சோயா பயறு வகை என்று போய்விட்டது, அந்த சாஸில் கோதுமை வேறு இருக்கிறது, சர்க்கரையும் கிடையாது. அதனால் இரண்டு எலுமிச்சையின் சாறு, ஆப்பிள் சிடர் வினிகர், ஆலிவ் எண்ணெய், பூண்டு, உப்பு கலந்து முந்தின நாள் இரவே ஊறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் மதியம் எடுத்தால் கறி வெளுத்து சாம்பல் நிறமாகிக் கிடந்தது. சட்டியில் போட்டதும் தண்ணீர் விட்டு வெந்ததே தவிர வறுபடவில்லை. வெளிப்பக்கம் மாவு மாதிரி, உள்ளே ரப்பர். அடுத்த தடவை மிருதுவாகும் என்று அன்னாசிப்பழத்தை அரைத்து ஊற்றினேன், அது இன்னும் மோசம், விரலால் தொட்டாலே மேல்பகுதி கரைந்து வந்தது.

நான் வாங்குவது ஃப்ளாங்க் ஸ்டேக், மாட்டின் வயிற்றுப் பக்கத்துத் துண்டு. சின்னவன் இனி ஸ்டேக்கே வேண்டாம் என்கிறான், அதுதான் வருத்தமாக இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி செய்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். எங்கே தப்பு செய்கிறேன்?

இரும்புச்சட்டி:
தப்பு பொருளில் இல்லை, நேரத்தில். புளிப்பு கறியின் மேல்புறத்தில் உள்ள புரதத்தை இறுக்கி நிறம் மாற்றிவிடும், நெருப்பே இல்லாமல் வேகவைத்த மாதிரி. ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம் போதும், இரவு முழுவதும் என்றால் நீங்கள் சொன்ன அந்த மாவுப் பதம்தான் வரும். அன்னாசி கதை வேறு. அதில் புரோமிலைன் என்று ஒரு நொதி இருக்கிறது, புரதத்தை வெட்டியே போடும். பப்பாளியிலும் கிவியிலும் இதே மாதிரி நொதிகள் உண்டு. போட்டே ஆக வேண்டும் என்றால் அரை மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், என்னைக் கேட்டால் ஃப்ளாங்குக்கு அது தேவையே இல்லை.

ஒன்றை மனதில் வையுங்கள், பூண்டு, மிளகு, எண்ணெய் எதுவும் கறிக்குள் ஆழமாகப் போவதில்லை. மேலே சில மில்லிமீட்டர்தான். நன்றாக உள்ளே இறங்குவது உப்பு மட்டும். அதனால் நான் இரண்டையும் பிரித்துவிடுவேன். முந்தின நாள் இரவு 1 கிலோ கறிக்கு 12 கிராம் உப்பு தடவி, ஒரு கம்பித் தட்டில் மூடாமல் ஃபிரிட்ஜில் வைப்பேன். முதலில் தண்ணீர் விடும், பயப்படாதீர்கள், கொஞ்ச நேரத்தில் அந்த உப்புத் தண்ணீரைக் கறியே இழுத்துக்கொள்ளும், மேல்புறமும் காய்ந்துவிடும். மறுநாள் சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எண்ணெய், பூண்டு, மிளகு, ஒரே ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு கலந்த கலவையில் பாதியை மட்டும் தடவுங்கள். மீதிப் பாதியைப் பச்சைக் கறி படாமல் தனியாக வையுங்கள். கறி வெந்து, வெட்டிய பிறகு அதை மேலே ஊற்றினால், ஒரு இரவு ஊறினாலும் கிடைக்காத வாசனை கிடைக்கும்.

சட்டியில் போடும் முன்னால் பூண்டுத் துணுக்குகளை வழித்து எடுத்துவிட்டு, கறியை ஒற்றி நன்றாக ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். மேலே ஈரம் இருக்கிற வரைக்கும் சூடு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும், 100 டிகிரியைத் தாண்டாது, செந்நிறம் வருவதற்கோ கிட்டத்தட்ட 140 டிகிரி வேண்டும். உங்கள் சாம்பல் நிறத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். ஐந்து பேருக்கும் ஒரே தடவையில் போட்டு நெருக்காதீர்கள், இரண்டு ஈடாகப் போடுங்கள்.

காளான்பிரியை:
பேலியோ பக்கம் நான் சொல்கிறேன், ஆறு வருடமாக வீட்டில் இதுதான். சோயா சாஸுக்குப் பதில் கோகோனட் அமினோஸ் வாங்குங்கள், தென்னம்பாளைச் சாற்றைப் புளிக்கவைத்து உப்பு சேர்த்தது. சோயா சாஸைவிட உப்புக் குறைவு, லேசாக இனிப்பு இருக்கும். 1 கிலோவுக்கு மூன்று மேசைக்கரண்டி ஊற்றுவேன், அந்த அளவுக்கு மேலே சொன்ன உப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். தாமரி என்று ஒன்றைக் காட்டுவார்கள், பெரும்பாலும் அதில் கோதுமை இருக்காது, ஆனால் அதுவும் சோயாதான், ஏமாந்துவிடாதீர்கள். வொர்ஸ்டர்ஷயர் சாஸ் வாங்கினால் லேபிளைப் படியுங்கள், பெரும்பாலும் சர்க்கரை இருக்கும். மால்ட் வினிகர் பார்லியில் செய்வது, அதுவும் ஆகாது. எனக்குப் பிடித்தது காய்ந்த காளானைப் பொடித்துச் சேர்ப்பது, ஒரு ஸ்பூன் போதும், சோயா சாஸ் கொடுக்கிற அந்த ஆழமான ருசி வந்துவிடும்.

ஒரே எச்சரிக்கை, அமினோஸிலும் தேனிலும் சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் கருகும். சட்டியில் போட்டு முடித்த பிறகு ஊற்றுவதற்கு வைத்திருக்கும் பாதியில் சேர்ப்பது நல்லது.

மழைத்துளி:
இருவருக்கும் ரொம்ப நன்றி, ஈரத்தைத் துடைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொன்னதே இல்லை, ஊறினது வீணாகிவிடும் என்று சொட்டச் சொட்டப் போடுவேன். இன்னும் இரண்டு சந்தேகம். எந்தக் கொழுப்பில் வறுப்பது, நெய் பேலியோவில் சேருமா? அப்புறம் வீட்டுக்காரருக்கு உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும், மாமியார் சிவப்பைப் பார்த்தால் தொடமாட்டார். ஒரே கறியில் எப்படிச் சமாளிப்பது?

காளான்பிரியை:
நெய்யைப் பற்றி பேலியோக்காரர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. பால் பொருள் எதுவும் கூடாது என்பவர்கள் ஒதுக்குகிறார்கள். பால் புரதமும் லாக்டோஸும் ஏறக்குறைய முழுவதும் போய்விடுகிறது என்று பலர் சேர்க்கிறார்கள், நானும் சேர்க்கிறேன். சுமார் 250 டிகிரி வரை புகையாது, வெண்ணெய் அதற்கு வெகு முன்பே கருகிவிடும். வேண்டாம் என்றால் மாட்டுக் கொழுப்பு அல்லது சுத்திகரித்த அவகாடோ எண்ணெய்.

தெர்மாமீட்டர்காரன்:
இரண்டாவது கேள்விக்கு நான். ஒரு இறைச்சி தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள், ஊகத்தில் செய்யாதீர்கள். துண்டின் நடுப்பகுதியில் பக்கவாட்டில் குத்திப் பாருங்கள். சிவப்பு வேண்டும் என்றால் 54 முதல் 57 டிகிரி செல்சியஸ். அமெரிக்க வேளாண்மைத் துறை முழுத்துண்டு மாட்டிறைச்சிக்குச் சொல்வது 63 டிகிரி, எடுத்த பிறகு 3 நிமிடம் அப்படியே விட வேண்டும். குழந்தைகளுக்கும் பெரியவருக்கும் நான் அதற்குக் கீழே போகமாட்டேன். மாமியாருக்கு 70 வரை விடுங்கள். சூடு எடுத்த பிறகும் மூன்று நான்கு டிகிரி ஏறும், அதனால் முன்னாலேயே எடுங்கள். ஃப்ளாங்க் ஒரு பக்கம் தடிப்பாக, மறுபக்கம் மெலிந்து இருக்கும், மெலிந்த பக்கம் தானாகவே அதிகம் வெந்துவிடும், மாமியாருக்கு அதைக் கொடுங்கள். முக்கியமாக, ஊசியால் குத்தி மிருதுவாக்கி விற்கும் கறி என்றால் சிவப்பாகச் சாப்பிட வேண்டாம், மேலே உள்ள கிருமி உள்ளே போயிருக்கும்.

ரப்பராக இருந்ததற்கு வெட்டும் விதமும் காரணமாக இருக்கலாம். ஃப்ளாங்கில் நார் நீளவாக்கில் ஓடுவது கண்ணுக்கே தெரியும். அதற்குக் குறுக்காக, கத்தியைச் சாய்த்து, மெல்லிசாக வெட்டுங்கள். நாரோடு சேர்த்து வெட்டினால் எவ்வளவு ஊறினாலும் மெல்ல முடியாது.

மழைத்துளி:
ஞாயிறு செய்துவிட்டு வருகிறேன். முந்தின இரவு உப்பு, ஒரு மணி நேரம் ஊறல், துடைத்து, நெய்யில் பக்கத்துக்கு மூன்றரை நிமிடம். முதல் ஈடு இன்னும் கொஞ்சம் சூடான சட்டியில் போட்டிருக்கலாம், இரண்டாவது ஈடு நல்ல செந்நிறம். காளான் பொடி போட்ட பாதியைக் கடைசியில் ஊற்றினேன். சின்னவன் தட்டில் மிச்சமிருந்த சாற்றை இன்னொரு துண்டால் ஒற்றி எடுத்துச் சாப்பிட்டான். மாமியார் அந்த மெலிந்த பக்கத்தை முடித்துவிட்டு, அடுத்த தடவை எலுமிச்சை இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும் என்றார். அதைக் கடைசியில் ஊற்றுகிற பாதியில் சேர்த்துக்கொள்கிறேன்.