ஏற்காடு மேப்புக்கு ராணுவ ஸ்கின்: துணி பிளாஸ்டிக் மாதிரி மின்னுது, நெஞ்சுல பட்டாம்பூச்சி

கொண்டலாம்பட்டி_3டி:
யூனிட்டி கேம் இன்ஜின், அதோட யுஆர்பி ரெண்டரர்ல ஒரு மொபைல் ஷூட்டர் கேம். மேப் ஏற்காட்டுக் காப்பித் தோட்டம்: சில்வர் ஓக், அதுல ஏறின மிளகுக்கொடி, செம்மண், காலை மூட்டம். கேரக்டர் ஒண்ணு, அதுக்கு ஸ்கின் (மாத்திப் போடுற தோற்றம்) 3. சப்ஸ்டன்ஸ் பெயின்டர் சாஃப்ட்வேர்ல 2048 பிக்சல் டெக்ஸ்சர் (மாடல் மேல ஒட்டுற படம்), 3 செ.மீ. கட்டங்களா டிஜிட்டல் கேமோ (ராணுவ உடையோட மறைப்புத் திட்டு). பெயின்டர்ல சட்டை காட்டன் மாதிரி இருக்கு, யூனிட்டிக்குள்ள வந்ததும் மழைக்கோட்டு மாதிரி மின்னுது. நெஞ்சு நடுவுல பேட்டர்ன் மடிச்சு வெச்ச மாதிரி பட்டாம்பூச்சியா விழுது. கொஞ்சம் தள்ளி நின்னா கேமோவே காணோம், ஒரே சேத்து நிறம். எங்க தப்பு?

ஒண்டிக்கடை ரெண்டர்:
மின்னுறதுக்குக் காரணம் ரஃப்னெஸ் (சொரசொரப்பு அளவு). யுஆர்பி லிட் ஷேடருக்கு (ஒளி எப்படித் தெரியணும்னு கணக்குப் போடுறது) வேண்டியது அதுக்கு நேரெதிரான ஸ்மூத்னெஸ் (வழவழப்பு), அதுவும் மெட்டாலிக் மேப்போட (எது உலோகம்னு சொல்ற டெக்ஸ்சர்) ஆல்ஃபா சேனல்ல. நீங்க ரஃப்னெஸ்ஸை அப்படியே போட்டிருப்பீங்க. சட்டைக்கு 0.85 வெச்சது தலைகீழா நனைஞ்ச ரப்பர் ஆயிடும். எக்ஸ்போர்ட்ல யூனிட்டி யுஆர்பி ப்ரீசெட்டை எடுங்க, அதுவே திருப்பிப் போட்டுக்கும். துணிக்கு மெட்டாலிக் 0. பக்கிள், ஜிப்புக்கு மட்டும் 1. கேமோவோட கறுப்பை 0–255 அளவுல 30-க்குக் கீழ இறக்காதீங்க, நிழல்ல ஓட்டை மாதிரி தெரியும்.

கட்டிங் மேசை:
பட்டாம்பூச்சி வர்றது மிரர் யுவியால. யுவின்னா மாடலைத் துணி மாதிரி விரிச்சு டெக்ஸ்சர் மேல வெச்ச வரைபடம்; மிரர்னா இடது வலது ரெண்டும் ஒரே இடத்தைப் பங்கு போடுறது. நெஞ்சு, முதுகு ரெண்டுக்கும் மட்டும் இடது வலது தனித்தனி ஐலண்ட் (யுவித் துண்டு) கொடுங்க. கை, கால், பூட்ஸ் மிரராவே இருக்கட்டும், இடம் மிச்சம். பேக் (bake, நுணுக்கங்களை டெக்ஸ்சர்ல பதியுறது) பண்றப்ப ஒண்ணு மேல ஒண்ணு விழுற பாதியை யுவியில சரியா 1 யூனிட் தள்ளி வையுங்க, இல்லேன்னா நார்மல் மேப்புல (மேடு பள்ளம் காட்டுற டெக்ஸ்சர்) கறை விழும்.

இன்னொண்ணு, நிறைய பேர் கோட்டை விடுற இடம். கேமோவை ட்ரைபிளேனர்ல (மூணு திசையிலிருந்து ப்ரொஜெக்ட் பண்ற முறை) போட்டா தையலைத் தாண்டியும் பேட்டர்ன் ஒழுகிப் போகும், உடம்புல பெயின்ட் அடிச்ச மாதிரி. நிஜ யூனிஃபார்ம் அப்படி இருக்காது. சேலத்துல எந்தத் தையல் கடையிலயும் போய்ப் பாருங்க: கை ஒரு துண்டு, பாக்கெட் ஒரு துண்டு, காலர் ஒரு துண்டு, துணியில எங்க இடம் இருக்கோ அங்க வெட்டுவாங்க. தையல்ல பேட்டர்ன் பட்டுனு முறியணும். அதனால ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஃபில் லேயர் (பேட்டர்னை நிரப்புற அடுக்கு), யுவி ப்ரொஜெக்‌ஷன், ஆஃப்செட் (பேட்டர்னைத் தள்ளி வைக்கிற அளவு) வேற வேற. ஒரே கேமோ, ஆனா பாக்கெட் மூடி அடிப் பாக்கெட்டோட சேரக்கூடாது. தையலை ஒட்டி அரை செ.மீ. வெளிறலும் கொடுங்க, அப்பத்தான் பெயின்ட் அடிச்ச மாதிரி இல்லாம, தைச்ச துணி போட்ட மாதிரி தெரியும்.

சுண்ணாம்புக்கரடு:
தூரத்துல காணாமப் போறது வெறும் கணக்குங்க. 1080 உயரத் திரை, செங்குத்துக் கோணம் 60 டிகிரின்னா, 30 மீட்டர்ல திரைக்குள்ள அடங்குறது சுமார் 34.6 மீட்டர். 1.8 மீட்டர் ஆள் 56 பிக்சல். உங்க 3 செ.மீ. கட்டம் ஒரே ஒரு பிக்சல்! மிப்மேப் (தூரத்துக்குன்னு வெச்சிருக்கிற சின்ன அளவு டெக்ஸ்சர்) எல்லாத்தையும் கலந்து சராசரி நிறமாக்கிடும். 25–40 செ.மீ. பெரிய திட்டுகளை முதல்ல போடுங்க, கட்டம் அதோட ஓரத்தை உடைக்க மட்டும். ஸ்கிரீன்ஷாட்ல ஆளை 56 பிக்சலுக்குச் சுருக்கி, அப்பவும் மூணு ஸ்கின்னையும் பிரிச்சுச் சொல்ல முடியுதான்னு பாருங்க.

நிறத்துக்குக் காப்பி இலைப் பச்சையை அப்படியே எடுக்காதீங்க, மூட்டத்துல தனியா எரியும். சில்வர் ஓக் இலையோட அடிப்பக்கச் சாம்பல்ல கொஞ்சம் கலந்து இறக்குங்க. இதே ஸ்கின் சேலம் வெள்ளைக்கல் சுரங்க மேப்புல வந்தா எங்க நின்னாலும் தெரியும், அதுக்கு வேற கலர் செட் வேணும்.

கம்ப்ரஷன்: ஏஎஸ்டிசில (போன்ல டெக்ஸ்சரைச் சுருக்குற முறை) 8x8 வேண்டாம், திட்டு ஓரம் கசங்கும். 6x6-ல 2048 டெக்ஸ்சர் மிப்மேப்போட சுமார் 2.4 எம்பி, தாராளமா போதும்.

ஒண்டிக்கடை ரெண்டர்:
2022 ஜனவரி 15 ராணுவ நாள்ல அறிமுகமான நம்ம ராணுவத்தோட புது டிஜிட்டல் பேட்டர்னைக் காப்பி அடிக்காதீங்க. அந்த டிசைன் பதிவு செய்யப்பட்டது. மருத்துவர் ஸ்கின்ல செஞ்சிலுவையும் வேண்டாம், ஜெனீவா ஒப்பந்தச் சின்னம் அது. பச்சைப் பின்னணியில வெள்ளைச் சிலுவை போடுங்க.

கொண்டலாம்பட்டி_3டி:
ஸ்மூத்னெஸ் சரியாயிடுச்சு. ஆனா கையைத் தூக்கினா நெஞ்சுப் பவுச் ரப்பரா இழுபடுது.

கட்டிங் மேசை:
பவுச்சுக்குத் தோள் எலும்போட வெயிட் (எந்த எலும்பு எவ்வளவு இழுக்கணும்ங்கிற அளவு) கலந்திருக்கு. அந்தப் பவுச்சோட வெர்டெக்ஸ் (மாடலோட முனைப் புள்ளி) எல்லாத்தையும் மேல் முதுகெலும்புக்கே 100% கொடுத்துடுங்க. சரியாக்கின பிறகு போன்லயும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. குவாலிட்டி செட்டிங்ல ஸ்கின் வெயிட்ஸ் 2 எலும்புன்னு இருந்தா, எடிட்டர்ல நல்லா மடங்குற முழங்கை அங்க நசுங்கும்.