மறு: கழனிக்கு உர மூட்டை, ஆளுக்கு 5,000

உறவுகளுக்கு வணக்கம். ஊரில் உழுகிறவர்களுக்கு ஆளுக்கு 5,000 ரூபாய் போட்டு உர மூட்டை வாங்கிக் கொடுக்கலாம் என்று நம் சங்கக் குழுவில் வந்த யோசனைக்கு இது என் பதில்.

பொங்கலுக்கு ஊருக்குப் போன கிழக்கு வீட்டு அத்தை அனுப்பின படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மண்கட்டியின் மேல்முனையில் மட்டும் சுண்ணாம்புத் தூள் தட்டினது மாதிரி வெள்ளை படிந்திருக்கிறது. பள்ளத்தில் இல்லை. ஈரம் மேலேறி, காய்கிற இடத்தில் உப்பு தங்கிவிடும், அதனால்தான் முனையில். பக்கத்து நவரைப் போக (மார்கழி, தையில் நடுகிற) நெல்லில் இலை நுனி கருகியிருக்கிறது. இது உரப் பசி இல்லை, உப்பு. இதற்கு யூரியா மூட்டை வாங்கிக் கொடுப்பது காய்ச்சல்காரனுக்குப் பிரியாணி போடுவது போல.

சென்னைக்கு வடக்கே நம் மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறுவது 1960களின் கடைசியிலேயே தெரிந்துவிட்டது. பட்டணத்துக் குடிநீர், ஆலை, கழனி எல்லாவற்றுக்கும் ஒரே மணலடுக்கில் இறைத்தார்கள். அந்தத் தண்ணீரை மூன்று போகம் பாய்ச்சினால் தண்ணீர் ஆவியாகும், உப்பு கழனியிலேயே நிற்கும். நெல்லுக்கு மண்சாற்றின் உப்பு அளவு மீட்டருக்கு 3 டெசி சீமென்ஸைத் (உப்பை அளக்கும் அலகு) தாண்டினால், மேலே ஒவ்வொரு புள்ளிக்கும் விளைச்சல் 12 சதவீதம் போல இறங்கும்.

மூட்டைக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். நம் பகுதிக் குறுகிய கால நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 120:40:40 கிலோ. ஏக்கருக்கு டி.ஏ.பி. 35 கிலோ, பொட்டாஷ் 27 கிலோ, யூரியா ஏறக்குறைய 2 மூட்டை (மூட்டை 45 கிலோ). அதற்கு மேல் போனால் இலை கரும்பச்சையாகி இலைச்சுருட்டுப் புழுவும் புகையான் பூச்சியும் வரும், கதிர் கனத்ததும் பயிர் சாயும். மூன்றாவது மூட்டையை நாம் இலவசமாகக் கொடுத்தால் அது கழனிக்குத்தான் போகும், வேறெங்கே போகும்?

உரத்துக்குப் பதில் ஜிப்சம் போடலாம் என்று எழுதியிருந்த தம்பிக்கு: உப்பு மண் இரண்டு வகை, வெள்ளையாகப் பூத்தால் உவர், கறுத்து வழுவழுத்தால் களர். ஜிப்சம் களருக்குத்தான். உவருக்கு மருந்து மழைத்தண்ணீர். வரப்பை ஓரடி உயர்த்தி, நண்டு வளை, எலி வளையை அடைத்து, முதல் மழையைத் தேக்கி, உழுது கலக்கி, வடித்துவிட வேண்டும். இரண்டு மூன்று தரம். வடிக்காமல் காயவிட்டால் கரைந்த உப்பு மறுபடி மேலே வந்து உட்காரும். வடிக்கலாம் என்றால் ஊர் வடிகால் ஓடை தூர்ந்து கிடக்கிறது. மேலாள் வடித்தால் கீழாள் கழனியில் நிற்கும், சண்டை வரும். ஆகவே சங்கப் பணம் முழுக்க அந்த ஓடைக்குப் போகட்டும்.

அடுத்தது தக்கைப்பூண்டு, மடக்கி உழுது உரமாக்குகிற பசுந்தாள் செடி. உப்பைத் தாங்கும். ஏக்கருக்கு 20 கிலோ விதை, ஓர் இரவு ஊறவைத்து விதைக்க வேண்டும், 45வது நாள் பூவெடுக்கும்போது மடக்கி உழ வேண்டும். 50 நாள் தாண்டினால் தண்டு நாராகிக் கலப்பையில் சுற்றும், சீக்கிரம் மட்காது. மடக்கிய மறுநாளே நட்டால் நாற்று மஞ்சளிக்கும், ஒரு வாரம் பத்து நாள் தண்ணீர் கட்டிவைத்துப் பிறகு சேடை ஓட்டணும் (நடவுக்குச் சேறடிக்கணும்). நன்றாக வந்த பூண்டு ஒரு மூட்டை யூரியாவைக் குறைக்கும்.

சிக்கல் இதுதான்: சொர்ணவாரி என்கிற கோடைப் போகத்து அறுப்பு ஆகஸ்ட், சம்பா நாற்றும் அப்போதே. பூண்டுக்கு இடைவெளி கிடையாது. பூண்டு வேண்டுமானால் சொர்ணவாரியை விட வேண்டும். அதிகம் உப்பு ஏற்றுவதும் கோடையில் போர்த்தண்ணீரில் விளைகிற அந்தப் போகம்தான். ஆனால் வருஷா வருஷம் வாய்ச்சொல்லில் குத்தகை எடுப்பவர், அடுத்த வருஷம் கழனி யாருக்கோ என்னும்போது, ஒரு போகத்தை விட்டு நம் மண்ணைத் திருத்துவாரா? அவருக்குத் தெரியாமல் இல்லை, கட்டுப்படியாகவில்லை. இந்தக் குழுவில் பாதிப்பேர் அந்தக் கழனிகளின் சொந்தக்காரர்கள். நாமே மூன்று வருஷத்துக்கு உறுதி கொடுப்போம்.

- தெற்குத் தெரு, மஸ்கட்

---

தம்பி, நூலகக் கூரைக்குப் பிரித்த பணத்துக்கே இன்னும் முழு ரசீது வரவில்லை. அது யாரிடம் நிற்கிறது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும், அவரும் இதைப் படிக்கிறார்.

ஓடைக்குப் பணம் தருகிறேன், நிபந்தனையோடு. பொக்லைன் வாடகை மணிக்கணக்கில் வேண்டாம், மெஷின் நின்றாலும் மணி ஓடும். நூறடிக்கு ஓர் இடத்தில் முளை அடித்து, அகலமும் ஆழமும் தூர்வாருமுன் ஒரு தரம், பின் ஒரு தரம் அளந்து, எடுத்த மண்ணைக் கன மீட்டரில் கணக்கிட்டுப் பணம். வாரின மண்ணை ஓடைக் கரையிலேயே கொட்டினால் முதல் மழையில் திரும்ப உள்ளே வந்துவிடும். கடைமடையிலிருந்து மேல் நோக்கி வாருங்கள், மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் போக வழியிருக்காது. ஓடை அரசாங்கத்தது. ஊராட்சியிடமும் நீர்வளத்துறையிடமும் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு ரூபாய் அனுப்பமாட்டேன்.

- பொருளாளர்

---

மஸ்கட் தம்பி பாடம் எடுப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். குத்தகைக்கு விட்டவன் மேலே பழி போடுவதைப் பொறுக்க முடியாது. மூன்று வருஷம் எழுதிக்கொடு என்கிறீர். குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற விடாத 1955 குத்தகைச் சட்டம் தெரியுமா? எழுதிக்கொடுத்துவிட்டு வழக்காடினவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். உங்கள் பெரியப்பாவைக் கேளும், எங்கள் வீட்டுக்கு அவர் பட்ட நன்றிக்கடனையும் சேர்த்துக் கேளும்.

அந்தக் காலத்தில் யார் எழுதிக்கொடுத்தார்கள்? அறுப்பு முடிந்தால் கழனிக்குக் கழனி ஆட்டுக்கிடை போடுவார்கள், புழுக்கையும் மூத்திரமும் இறங்கும். புங்கன், எருக்கு, பூவரசுத் தழையை வரப்பிலேயே வெட்டிச் சேற்றில் மிதிப்பார்கள். வரப்பு மரங்களை எல்லாம் வெட்டிவிட்டு இப்போது பூண்டு விதைக்கு வசூல். நம் ஊர் நெல்லைப் பொன்னேரிச் சந்தையில் தேடி வாங்கின காலம் உண்டு. அந்தப் பேரை உரப்பிச்சை கேட்டுக் கெடுக்காதீர்கள்.

- கோயில் வீடு, சிங்கப்பூர்

---

கோயில் வீட்டு மாமாவுக்கு: பழி சொல்லவில்லை, மனம் நொந்திருந்தால் மன்னியுங்கள். பெரியப்பாவிடம் கட்டாயம் கேட்கிறேன். சட்டத்தைப் பற்றி நீங்கள் சொன்னதும் நியாயம். எழுத்து வேண்டாம், வேறு வழி இருக்கிறது. சொர்ணவாரிக் குத்தகையைச் சொந்தக்காரர் விட்டுக்கொடுத்து, பூண்டு விதையும் மடக்கி உழுகிற டிராக்டர் கூலியும் அவரே ஏற்கட்டும். குத்தகைதாரர் கையைவிட்டுப் போவது அந்தப் போகத்து லாபம் மட்டுமே, அதையும் சம்பாவில் குறைகிற யூரியா ஓரளவு ஈடுகட்டும். முதலில் வாய்க்கால் ஓரம் அடுத்தடுத்த நாலு கழனி போதும். ஓரிடத்தில் சேர்ந்திருந்தால்தான் வடிப்பது நடக்கும், மற்றவர்கள் வரப்பில் நின்று பார்த்து நம்புவார்கள். நீங்கள் சொன்ன புங்கனும் பூவரசும் அந்த வரப்புகளிலேயே நடலாம்.

அதற்கு முன் மண் பரிசோதனை. உரம் போடுமுன், ஒரு கழனியில் 10 இடம், வரப்பு, எருக்குழி, மரநிழல் தவிர்த்து. மேல் சருகை விலக்கி வி வடிவத்தில் 15 செ.மீ. வெட்டி, பக்கச் சுவரில் ஒரு பட்டை மண் சுரண்டுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டைத் தள்ளி, அரை கிலோ வரும்வரை அப்படியே. நிழலில் காயவைத்துத் துணிப்பையில் அனுப்பணும். உரச் சாக்கில் போட்டால் முடிவு பொய். உப்பு அளவை நிறைசாற்றில் (மண் குழைகிற அளவு மட்டும் தண்ணீர் விட்டு எடுத்த சாறு) எடுத்தார்களா, மண்ணை நிறையத் தண்ணீரில் கரைத்து எடுத்தார்களா என்று கேளுங்கள். கரைத்து எடுத்தது குறைவாகக் காட்டும், அதை வைத்து அந்த 3ஐ ஒப்பிடக் கூடாது. போர்த்தண்ணீரையும் ஐந்து நிமிஷம் ஓடவிட்டுப் பிடித்து அனுப்புங்கள். திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது, முடிவை எடுத்துக்கொண்டு போய் உப்புத் தாங்குகிற ரகம் கேட்கலாம். கோ 43ஐப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பொருளாளர் அண்ணன் சொன்ன முளை அளவுக்கு முழுச் சம்மதம். வாய்க்கால் ஓரம் கழனி வைத்திருப்பவர்கள் சர்வே எண்ணையும் இப்போது உழுகிறவர் யார் என்பதையும் மாசிக்குள் எழுதுங்கள். வைகாசியில் விதை கைக்கு வந்தாக வேண்டும்.

- தெற்குத் தெரு, மஸ்கட்